ஆற்றைக் குடிக்கும் படகு

இந்த எபிசோடில் ஒரு பம்ப் பற்றிப் பேசப் போறோம். பம்ப்னு சொன்னதும் ஸ்கிப் பண்ணிடாதீங்க, கதையில் எட்மண்ட் ஹிலாரி வருவார், கிராண்ட் கேன்யன் வரும், கங்கை வரும்.

1977 ஆகஸ்ட். கங்கை கடலில் கலக்கும் கங்கா சாகர் பகுதியிலிருந்து மூன்று சின்னப் படகுகள் ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராகக் கிளம்புகின்றன. பெயர்கள் கங்கா, கிவி, ஏர் இந்தியா. குழுவின் தலைவர் ஹிலாரி. ஆமா, 1953ல் டென்சிங் நோர்கேயோட எவரெஸ்ட் உச்சியில் நின்ற அதே ஹிலாரி. இப்போ வயசு 58. இரண்டு வருஷத்துக்கு முன்னாடி, 1975ல், காத்மாண்டுவில் நடந்த விமான விபத்தில் மனைவி லூயிசையும் கடைசி மகள் பெலிண்டாவையும் பறிகொடுத்தவர். இந்தப் பயணத்தில் அவர் மகன் பீட்டரும் கூட இருக்கிறார். திட்டம் இதுதான்: கடலில் தொடங்கி, படகு எவ்வளவு தூரம் ஏறுமோ அவ்வளவு தூரம் கங்கையிலேயே ஏறுவது. அதுக்கு மேல் நடந்து, இமயமலையில் ஒரு சிகரம்.

மழைக்காலக் கங்கை எப்படி இருக்கும்னு வட இந்தியா பக்கம் போனவங்களுக்குத் தெரியும். சேறு, மணல், மரக்கட்டை, பூமாலை, கயிறு, எல்லாம் சேர்ந்து ஓடும். ரிஷிகேஷைத் தாண்டினால் பாறை. இந்த ஆற்றில் சாதாரண மோட்டார் படகு விட்டால் முதலில் போவது பின்னாடி தொங்கும் புரொப்பல்லர்தான். ஆனால் இந்த மூன்று படகுகளுக்கும் அடியில் புரொப்பல்லரே கிடையாது. தொங்குற மாதிரி எதுவுமே கிடையாது, அடிப்பாகம் வழவழன்னு இருக்கும். புரொப்பல்லர் இல்லாமல் எப்படி ஓடியது? அதுக்கு நியூசிலாந்தில் ஒரு ஆட்டுப் பண்ணைக்குப் போகணும்.

சி.டபிள்யூ.எஃப். ஹாமில்டன். எல்லாருக்கும் பில் ஹாமில்டன். 1899ல் பிறந்தவர். 1921ல் தெற்குத் தீவின் மெக்கன்சி பகுதியில் ஐரிஷ்மேன் க்ரீக் என்ற பெரிய மேய்ச்சல் நிலத்தை வாங்குகிறார். எஞ்சினியரிங் பட்டம் கிடையாது. இதைப் பட்டம் வாங்கின நான் கொஞ்சம் பொறாமையோடதான் சொல்றேன். பண்ணைக்கு மின்சாரம் வேணும்னு தோணுது, அணை கட்டணும். அணை கட்ட மண் அள்ளணும். மண் அள்ளுற மெஷினையே தானே வடிவமைச்சுக் கட்டிட்டார். அப்படித் தொடங்கிய பட்டறை வளர்ந்து, மண் தோண்டும் கருவிகள் செய்யும் கம்பெனியாகவே மாறியது. நடுவில் 1930ல் இங்கிலாந்து போய் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் பென்ட்லி கார் ஓட்டினார். சும்மா உட்காரத் தெரியாத ஆள்.

அவர் வீட்டைச் சுற்றி இருக்கும் ஆறுகள் நம்ம காவிரி மாதிரி ஒரே ஓட்டம் இல்லை. பனி மலையிலிருந்து இறங்கி, அகலமான கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து ஓடும். ஜடை பின்னின மாதிரி. வேகம் பயங்கரம், ஆழம் பல இடங்களில் கணுக்கால் அளவு. அந்த ஆறுகளில் ஓட்டத்தை எதிர்த்துப் படகில் போகணும் என்பது அவருடைய சின்ன வயசு ஆசை. ஐம்பது வயசைத் தாண்டிய பிறகுதான் உட்கார்ந்து அதை ஒரு பிரச்சனையாக எடுத்துக்கிட்டார்.

இங்கே ஒரு விஷயம். தண்ணீரை உறிஞ்சி, பின்னாடி பீய்ச்சி, படகை ஓட்டலாம் என்ற யோசனை ஹாமில்டனுடையது இல்லை. 1787 டிசம்பரில் அமெரிக்காவின் பொடோமேக் ஆற்றில் ஜேம்ஸ் ரம்சி என்பவர் நீராவி பம்ப் வைத்து இதே மாதிரி ஒரு படகை ஓட்டிக் காட்டினார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினே அவருக்கு ஆதரவு. 1866ல் பிரிட்டிஷ் கடற்படை வாட்டர்விட்ச் என்று ஒரு கவசப் படகையே இப்படிக் கட்டியது. எதுவும் நிலைக்கவில்லை. காரணம் எளிது: மெதுவாகப் போகும் படகுக்கு இது நஷ்ட வியாபாரம். நிறைய தண்ணீரை மெல்லத் தள்ளினால் எரிபொருள் மிச்சம். கொஞ்சம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் சக்தி வீண். புரொப்பல்லர் செய்வது முதல் வேலை, ஜெட் செய்வது இரண்டாவது. இன்னைக்கும் சரக்குக் கப்பலுக்குப் புரொப்பல்லர்தான்.

அப்போ ஜெட் எங்கே ஜெயிக்கும்? புரொப்பல்லர் போகவே முடியாத இடத்தில். ஹாமில்டனின் ஆறு அப்படிப்பட்ட இடம்.

1950களின் தொடக்கத்தில் அவர் முயற்சி ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் ஹேன்லி ஹைட்ரோஜெட் என்று ஒரு கருவி இருந்தது. தண்ணீரை உள்ளே இழுத்து, படகின் அடியில் திரும்பும் ஒரு நாசில் வழியாகத் தண்ணீருக்குள்ளேயே பீய்ச்சும். அதை அடிப்படையா வச்சு அவரும் ஒன்று செய்தார். ஓடுச்சு, ஆனால் சுமாராத்தான். என்னென்னவோ மாத்திப் பார்த்தும் சரிப்படலை. அப்போ அவரிடம் வேலை பார்த்த ஒருவர் சொன்ன யோசனை: அந்த நாசிலை அடியிலிருந்து எடுத்து, படகின் பின்பக்கம், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வச்சா என்ன?

இதைக் கேட்டதும் நமக்கு ஒரு சந்தேகம் வரும். தண்ணீருக்குள்ள பீய்ச்சினால் தண்ணீரைத் தள்ளி நகரலாம்; காத்துல பீய்ச்சினால் எதைத் தள்ளும்? பதில்: எதையும் தள்ள வேண்டாம். தள்ளல் பிறப்பது படகுக்குள்ளேயே. உள்ளே மெல்ல வந்த தண்ணீரை பம்ப் வேகப்படுத்தி வெளியே எறியுதே, அந்த எறிதலுக்கு எதிர்வினைதான் படகை முன்னே நகர்த்துது. ராக்கெட் வெற்றிடத்தில் போவதும் இதே கணக்கு. ஒரு விநாடிக்கு எத்தனை கிலோ தண்ணீர், அதன் வேகம் எவ்வளவு கூடியது, இரண்டையும் பெருக்கினால் தள்ளல். நாசில் மேலே போனதும் நடந்த பெரிய நன்மை, தண்ணீருக்குள் தொங்கி இழுத்துக்கிட்டிருந்த பாகம் போயிடுச்சு. தண்ணீரைக் கீழே மடக்கித் திருப்பும்போது வீணான சக்தியும் மிச்சம். படகின் வேகம் சட்டென்று கூடியது. அதைவிட முக்கியம், அடியில் கல்லில் மாட்டிக்க ஒண்ணுமே இல்லை.

அடுத்தடுத்து வந்த மாடல்களுக்கு மீன் பெயர்கள். ரெயின்போ, குவின்னட், சினூக். குவின்னட்டும் சினூக்கும் ஒரே சால்மன் மீனுக்கு இரண்டு பெயர்தான். ஓட்டத்தை எதிர்த்து நீந்தும் மீன், பெயர் பொருத்தம். பெயரை விட உள்ளே நடந்த மாற்றம் பெரிசு. முதலில் வந்தவை நம்ம வீட்டு மோட்டார் மாதிரி தண்ணீரைச் சுழற்றி ஓரத்துக்கு எறியும் பம்ப். சினூக் வந்தபோது தண்ணீர் நுழைந்த திசையிலேயே நேராகப் பின்னால் போகும் அமைப்பு. ஷாஃப்ட்டில் இம்பெல்லர், அதன் பின்னால் சுழலாத இறக்கைகள் கொண்ட ஸ்டேட்டர். இம்பெல்லர் தண்ணீரைத் தள்ளும்போது கூடவே சுழற்றியும் விடும். ஸ்டேட்டர் அந்தச் சுழலை நேராக்கித் தள்ளலாக மாற்றும். கடைசியில் நாசில். நாசிலை இடம் வலம் திருப்பினால் படகு திரும்பும். ரிவர்ஸ் வேணுமா, ஒரு வளைந்த மூடி, பக்கெட்னு சொல்வாங்க, அது நாசில் முன்னாடி இறங்கி நீர்த்தாரையை முன்பக்கமா மடக்கிவிடும். எஞ்சின் அதே திசையில்தான் சுத்தும்.

இதுவரை கேட்டால் பிரச்சனை தீர்ந்த மாதிரி இருக்கும். என் வாதம் வேற. ஜெட் படகு புரொப்பல்லரின் பிரச்சனையைத் தீர்க்கவில்லை, இடம் மாத்தியது. முன்பு ஆற்றில் இருக்கும் கல் புரொப்பல்லரை வெளியே அடிச்சுது. இப்போ படகு ஆற்றையே குடிக்குது, கல்லோடும் மணலோடும் பாசியோடும். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது தெரிஞ்ச கதை: ஒரு பக்கை ஒரு மாட்யூலில் மூடினால் அது இன்னொரு மாட்யூலில் திறக்கும். ஹாமில்டன் குழுவின் பெரிய சாதனைன்னு நான் நினைக்கிறது, புது பிரச்சனையை நடு ஆற்றில் ரெண்டு கையால் தீர்க்கிற மாதிரி வச்சதுதான்.

அது எப்படின்னு புரிய, உங்க அபார்ட்மென்ட் மோட்டாரை நினைச்சுக்கோங்க. மோட்டார் ஓடுது, சத்தம் வழக்கத்தை விட லேசா, கிர்ர்னு இருக்கு, மேல டேங்க்ல தண்ணி ஏறலை. பிளம்பர் அண்ணன் வந்ததும் முதல்ல சொல்றது என்ன? "காத்து வாங்குது சார்." ஃபுட் வால்வில் லீக், சம்ப்பில் தண்ணீர் குறைவு, இல்லை சல்லடையில் குப்பை. ஜெட் படகின் நோய்களில் பாதி இந்த ஒரே குடும்பம்தான்.

படகின் அடியில், தண்ணீர் நுழையும் வாயில், கம்பிகள் வைத்த ஒரு கிரில் இருக்கும். பெரிய கல் உள்ளே போகாமல் தடுக்க. அதில் பாசியோ பிளாஸ்டிக்கோ ஒட்டினால் பம்ப் பட்டினி. எஞ்சின் சுற்று ஏறும், படகு வேகம் இறங்கும். இந்த ஜோடியை மனசுல வச்சுக்கோங்க. இதே அறிகுறிக்கு இன்னும் இரண்டு காரணம் இருக்கு, வித்தியாசம் கண்டுபிடிப்பது காலத்தை வைத்து. சட்டுன்னு ஒரு நொடியில் வந்தால், பெரும்பாலும் அடைப்பு. நுரை பொங்கும் இடத்தில் மட்டும் வந்து, அந்த இடம் தாண்டினதும் சரியானால், காத்து; நுரையில் பாதி காற்றுதானே, பம்பால் அதைப் பிடிக்க முடியாது. மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமா வேகம் குறைஞ்சிருந்தால், தேய்மானம். இம்பெல்லர் நுனிக்கும் அதைச் சுற்றியிருக்கும் வேர் ரிங் என்ற வளையத்துக்கும் நடுவில் மில்லிமீட்டர் கணக்கில்தான் இடைவெளி. மணல் தேய்த்துத் தேய்த்து அது அகலமானால், தள்ளின தண்ணீர் அந்த வழியா முன்பக்கமே திரும்பிடும். எஞ்சின் உழைக்கும், பலன் இருக்காது. லாக் புத்தகம் எழுதும் ஓட்டுநர், எந்த சுற்றுக்கு எவ்வளவு வேகம்னு குறிச்சு வச்சிருப்பார். அது இருந்தால் இந்த நோய் முன்னாடியே தெரியும். லாக் இல்லாமல் டீபக் பண்றது எங்கேயும் கொடுமைதான்.

கேவிட்டேஷன்னு ஒரு சொல்லை மெக்கானிக்குகள் இதற்கெல்லாம் பொதுவாகப் பயன்படுத்துவாங்க. சரியா சொன்னால் அது வேற. இம்பெல்லர் இறக்கையின் முதுகில் அழுத்தம் ரொம்பக் குறைந்தால், தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்துக் குமிழி ஆகும். அந்தக் குமிழி அழுத்தம் கூடின இடத்துக்குப் போய் உடையும்போது உலோகத்தைக் கொத்தும். கழற்றிப் பார்த்தால் இறக்கையில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அடைபட்ட கிரில்லோடு ரொம்ப நேரம் ஓட்டினால் இது பரிசாகக் கிடைக்கும்.

நடுக்கம் வந்தால் கதை வேற. இறக்கைக்கு நடுவில் கல் சிக்கியிருக்கும், ஒரு இறக்கை மடங்கியிருக்கும், இல்லை ஷாஃப்ட்டில் கயிறு சுத்தியிருக்கும். உறுமல் வந்தால் த்ரஸ்ட் பேரிங்கைப் பார்க்கணும். யோசிச்சுப் பாருங்க, மொத்தப் படகையும் தள்ளுகிற விசை ஷாஃப்ட் வழியா அந்த ஒரு பேரிங்குக்குத்தான் வந்து, அங்கிருந்து படகின் உடம்புக்குப் போகுது. கிரீஸ் வைக்க மறக்கக் கூடாத இடம். படகுக்குள் தண்ணீர் சேர்ந்தால் ஷாஃப்ட் சீல். உப்புத் தண்ணீரில் ஓட்டினால் இன்னொரு தலைவலி: அலுமினிய உடம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இம்பெல்லர், நடுவில் உப்பு நீர். கிட்டத்தட்ட ஒரு பேட்டரி செல். அலுமினியம்தான் அரிக்கும். அதற்குப் பலியாட்டு மாதிரி துத்தநாகக் கட்டிகளை மாட்டி வைப்பாங்க, அது கரையும், உடம்பு தப்பும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசணும்.

அடைப்பு எடுப்பதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. முதல் மருந்து எதுவும் செய்யாமல் எஞ்சினை நிறுத்துவது. உறிஞ்சல் நின்னதும் பாசி தானா உதிர்ந்து போகும், பல தடவை அதுவே போதும். கியர்பாக்ஸ் இருக்கும் படகில் ஷாஃப்ட்டைக் கொஞ்சம் பின்னோக்கிச் சுற்றி, உள்ளே இருப்பதைத் துப்பச் செய்யலாம். அதுக்கும் அசையலைன்னா பம்ப்புக்கு மேலே ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து கை விட்டு எடுக்கணும், எஞ்சின் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்ட பிறகு. அந்த மூடியின் வாய், படகு சும்மா மிதக்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிற மாதிரி உயர்த்தி வச்சிருப்பாங்க. அதனால் நடு ஆற்றில் திறந்தாலும் படகு மூழ்காது. கரைக்கு இழுத்துக்கிட்டு வர வேண்டாம், கிரேன் வேண்டாம். பழுது எங்கே வரும்னு தெரிஞ்சவன் வடிவமைச்ச மூடி அது.

சரி, இதெல்லாம் பட்டறைப் பேச்சு. உண்மையான சோதனை 1960ல் வந்தது.

கொலராடோ ஆறு, கிராண்ட் கேன்யன். அதுவரை அந்தப் பள்ளத்தாக்கில் படகுகள் கீழ்நோக்கித்தான் போயிருக்கின்றன. ஹாமில்டன் ஓட்டத்தை எதிர்த்து மேலே போகலாம்னு சொன்னபோது அமெரிக்கப் பத்திரிகைகள் கிண்டல் பண்ணின. ஆற்று வரலாற்றில் ஊறிய டாக் மார்ஸ்டன் பயணத்தை வழிநடத்த, பில்லின் மகன் ஜான் ஹாமில்டன் முக்கிய ஓட்டுநர். முதலில் கீழ்நோக்கிப் போய் வழியில் கரையோரம் பெட்ரோலைப் பதுக்கி வச்சாங்க, திரும்பி ஏறும்போது வேணுமே. அப்புறம் மேல்நோக்கி, ஏறத்தாழ 450 கிலோமீட்டர். லாவா ஃபால்ஸ் என்ற இடம்தான் கண்டம், வல்கன் ரேப்பிட்னும் சொல்வாங்க.

இங்கேதான் ஜெட் படகின் மிக ஆபத்தான குணம் வருது. படகைத் திருப்புவது நாசிலிலிருந்து வரும் தண்ணீர். தண்ணீர் வரலைன்னா ஸ்டியரிங் இல்லை. பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையை எடுத்தால், எந்த நொடி திருப்பணுமோ அந்த நொடியில் படகு கட்டையாயிடும். பாறை முன்னாடி வரும்போது இன்னும் வேகம் கொடுத்துத்தான் தப்பிக்கணும். அதையும் நுரை பொங்கும் இடத்தில், பம்ப் எப்போ காத்து வாங்கும்னு தெரியாமல். ஓட்டுநர் தேடுவது நுரைக்கு நடுவில் வழவழப்பா, கெட்டியா ஓடும் தண்ணீர் நாக்கை. அந்த ரேப்பிடின் வேகம் மட்டும் எதிரி இல்லை, அந்த வெள்ளை நிறமும்தான்.

அவங்க ஏறிட்டாங்க. கிவி, வீ ரெட், டாக் என்ற மூன்று படகுகள் மேலே போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு யாரும் செய்யவில்லை. இப்போ கிராண்ட் கேன்யனில் மோட்டார் படகு ஓட்டத்தை எதிர்த்து ஏறத் தடை. அது சரியான தடைதான்னு நினைக்கிறேன். இன்னொரு விஷயம், 1960ல் அந்த ஆறு செம்மண் கரைசல். கொலராடோன்னாலே ஸ்பானிய மொழியில் சிவந்தது. ஒவ்வொரு விநாடியும் இம்பெல்லர் குடிச்சது உப்புத்தாள் தேய்ப்பு மாதிரி தண்ணீர். 1963ல் மேலே க்ளென் கேன்யன் அணை மூடினதும் வண்டல் அங்கேயே தங்கிடுச்சு. இப்போ அணைக்குக் கீழே பச்சையா, குளிர்ச்சியா, தெளிஞ்ச தண்ணீர். பம்ப்புக்குச் சொர்க்கம், ஆனால் போக அனுமதி இல்லை.

மறுபடி கங்கைக்கு வருவோம். 1977லும் முக்கிய ஓட்டுநர் அதே ஜான் ஹாமில்டன். கங்கா சாகரில் உப்புத் தண்ணீர், சமவெளியில் வண்டல், மலையில் பாறையும் நுரையும். நான் மேலே சொன்ன நோய்கள் எல்லாத்துக்கும் வாய்ப்புள்ள ஒரே ஆறு. 2,000 கிலோமீட்டருக்கு மேல், பாட்னா, வாரணாசி என்று கரையெல்லாம் கூட்டம் பார்த்து நிற்க, ரிஷிகேஷ், தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை தாண்டி ஏறினார்கள். நந்தப்பிரயாகை அருகே அலக்நந்தாவில் ஏறத்தாழ மூன்று மீட்டர் அருவி. செங்குத்தா விழும் தண்ணீரில் பம்ப்புக்குப் பிடிக்க ஒண்ணுமில்லை. படகுப் பயணம் அங்கே முடிந்தது. நடந்து மேலே போனவர்களில் ஹிலாரிக்கு உயர நோய் தாக்கி, ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியதாயிற்று. மற்றவர்கள் ஏறி முடித்தார்கள். பயணத்தைப் படமாகவும் எடுத்திருக்காங்க, கிடைச்சா பாருங்க.

இன்னைக்கு அதே வழியில் போக நினைத்தால் நந்தப்பிரயாகை வரைக்கும் போக வேண்டியதில்லை. ரிஷிகேஷ் பக்கத்தில் பசுலோக் தடுப்பணை, மேலே அலக்நந்தாவில் ஸ்ரீநகர் அணை. எந்த இம்பெல்லராலும் ஏற முடியாத சுவர்கள்.

பில் ஹாமில்டனுக்கு 1974ல் சர் பட்டம் கிடைத்தது, 1978ல் காலமானார். அந்த 1970களிலேயே அவர் பண்ணைப் பகுதியில் நீர்மின் திட்டம் விரிந்தது. டெகாப்போ ஏரியின் தண்ணீரில் பெரும்பகுதி இப்போது ஆற்றில் இறங்குவதில்லை. 25 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு கால்வாயில், கல் இல்லாமல், கிளை பிரியாமல் மின்நிலையத்துக்குப் போகிறது. எந்த ஆறுகளுக்காக அந்தப் படகைச் செய்தாரோ, அதில் ஒன்றான டெகாப்போவின் படுகையில் பல இடங்களில் கூழாங்கல்தான் மிச்சம்.